உளநோயாளரின் வாக்குரிமை (இலங்கை)

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரை, சட்டப்படி சித்த சுவாதீனமற்றவர் எனத் தீர்மானிக்கப்பட்டவரைத் தேருநராக ஏற்பதில்லை. நோயோ, மருந்தோ, வைத்தியசாலை வாசமோ இத்தடைக்குப் போதா; உரிய சட்டத்தின் கீழ்த் தீர்மானம் இருந்தாக வேண்டும். அத்தகைய சட்டங்களில் ஒன்றாக, 1873இன் பைத்தியக்காரர் கட்டளைச் சட்டமே பெயர் மாறி இன்றும் வழக்கிலிருப்பது வியப்புக்குரியது.

நடைமுறைத் தடைகள் வேறு. தேருநர் இடாப்புக்கான பீ.சீ. படிவத்தை வீட்டுத் தலைவர் நிரப்பிக் கிராம அலுவலரிடம் கொடுப்பார்; "அவருக்கு எதற்கு வாக்கு?" என்று வீட்டார் நோயாளியின் பெயரை விட்டுவிட்டால் உரிமை அங்கேயே போய்விடும். திகாமடுல்ல தேர்தல் மாவட்டத்துச் சாகாமத்தில் பதிவுள்ளவர் தேர்தலன்று கொழும்பை அண்டிய அங்கொடை மனநல வைத்தியசாலையில் சிகிச்சையில் இருந்தால், ஊரிலுள்ள வாக்களிப்பு நிலையத்துக்கு வந்தேயாக வேண்டும். தபால் வாக்கு நோயாளருக்கு இல்லை. 2011இன் 28ஆம் இலக்கச் சட்டம் வாக்களிப்பில் உதவியாளரை அனுமதிப்பது பார்வைக் குறைபாட்டுக்கும் உடற் குறைபாட்டுக்குமே.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் பின்னுறுதிப்படுத்தியது. அதன் 29ஆம் உறுப்புரை வாக்குரிமையைக் காக்கிறது. 89ஆம் உறுப்புரையோ மாறவில்லை. இந்தியச் சட்டத்திலும் இதையொத்த தடை உண்டு. ஆயினும் 2019 மக்களவைத் தேர்தலில் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் தங்கியிருந்தோர் அவ்வளாகத்திலேயே வாக்களித்தனர்.