தால்சேர் கற்படுகை உணர்த்தும் தொல்காலநிலை: ஹென்றி பிளான்ஃபோர்டின் ஆய்வும் தமிழ்ச் சூழலில் அதன் இடமும்

முன்னுரை

கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் வரலாற்றாய்வாளர்க்குச் சான்றாவது போல, நீரும் காற்றும் பனியும் படியவைத்த மண்ணடுக்குகள் நிலவியலாளர்க்குச் சான்றாகின்றன. படிவுப் பாறைகள் தாம் உருவான காலத்து வெப்பத்தையோ குளிரையோ, மழையையோ வறட்சியையோ தம்முள் பதித்து வைத்துள்ளன. நிலக்கரி அடுக்கு சதுப்புக் காட்டையும், உப்புப் படிவு வறண்ட நிலத்தையும், பவழச் சுண்ணாம்புக்கல் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலையும் சுட்டுவன. இத்தகைய வாசிப்பு இந்திய மண்ணில் வளர்ந்த வரலாற்றில் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு (1834–1893) என்பாருக்குத் தனியிடம் உண்டு. அவர்தம் ஆய்வில் எது நிலைத்தது, எது வீழ்ந்தது என்பதைப் பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலெமூரியாவைப் பற்றி வகுப்பறையில் பேச நேரும் தமிழாசிரியர்க்கு இப்பிரிப்பு இன்றியமையாதது.

தால்சேர்: வெப்ப நிலத்தில் பனியின் தடம்

ஹென்றியும் அவர்தம் தமையனார் வில்லியம் தாமஸ் பிளான்ஃபோர்டும் 1855-இல் இந்திய நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்தனர். நிலக்கரி தேடுவதே அக்காலத்தில் அத்துறையின் முதன்மைப் பணியாக இருந்தது. வில்லியம் தியோபால்டும் உடன்வர, இருவரும் இன்றைய ஒடிசா மாநிலத்தின் தால்சேர் நிலக்கரிப் பகுதியை 1856-இல் ஆராய்ந்தனர். நிலக்கரி அடுக்குகளுக்கும் கீழே, நுண்ணிய களிமண் பாறைக்குள் பெருங்கற்கள் புதைந்து கிடந்தன. அவற்றுட் சில பல அடிக் குறுக்களவு கொண்டவை.

இங்கு ஒரு சிக்கல் எழுந்தது. பெருங்கல்லை உருட்டிவரும் அளவுக்கு விரைந்தோடும் வெள்ளம் நுண்மண்ணைப் படியவிடாது; அடித்துச் சென்றுவிடும். நுண்மண்ணைப் படியவைக்கும் அமைதியான நீர்க்கோ பெருங்கல்லை அசைக்கவும் வலிமையில்லை. இவ்விரண்டும் ஒரே படுகையில் சேர்ந்திருக்க வேண்டுமாயின், கற்களைச் சுமந்து வந்து அமைதியான நீரில் இட்டுச்செல்லும் வேறொரு காரணி வேண்டும். அது பனிக்கட்டியே என்பது அவர்களது முடிவு. பெரும் பனியாறு ஒன்று அங்கே இருந்தது என்று அவர்கள் உடனே கூறிவிடவில்லை. ஆற்றின் அடியில் உறையும் பனிக்கட்டி கற்களைத் தூக்கிச் சென்றிருக்கலாம் என்ற அளவில் நின்றனர். சான்று அனுமதித்த எல்லையைக் கடவாத இந்த நிதானம் குறிப்பிடத்தக்கது.

தால்சேர் கடகக் கோட்டிற்குத் தெற்கே அமைந்த வெப்பமான ஊர். அங்குப் பனிக்காலம் நிலவியது என்னும் கருத்து ஐயத்திற்கு இடமானதில் வியப்பில்லை. 1872-இல் ஃபெடன் என்னும் நிலவியலாளர் இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் சந்திரபூர்ப் பகுதியில், பென்கங்கா ஆற்றங்கரையில் இக்கற்படுகையின் தொடர்ச்சியைக் கண்டார். அதன் அடியிலிருந்த பழைய சுண்ணாம்புப் பாறை வழவழப்பாகத் தேய்க்கப்பட்டு, இணைகோடுகளாகக் கீறல்கள் பெற்றிருந்தது. கற்கள் பதிந்த பனித்திரள் பாறைமீது ஊர்ந்து செல்லும்போது உண்டாகும் வடுக்கள் அவை. இதன் பின்னர் தால்சேர்ப் பனிக்கருத்து உறுதிபெற்றது. இப்படுகை ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பது இன்றைய கணிப்பு.

திருச்சிராப்பள்ளிப் பாறைகள்

தால்சேருக்குப் பின் ஹென்றி பிளான்ஃபோர்டு தமிழகத்தில் பணியாற்றினார் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி. திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு பகுதிகளின் கிரெட்டேசியஸ் காலக் கடற்படிவுகளை ஆராய்ந்து 1862-இல் அவர் வெளியிட்ட அறிக்கை, அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தது. ஊர்ப்பெயர்களால் அமைந்த அப்பகுப்பின் அடிப்படை இன்றும் வழக்கிலுள்ளது. கல்லக்குடிப் பகுதிச் சுண்ணாம்புக்கல்லில் காணப்படும் பவழ எச்சங்கள், அவ்விடம் ஒருகாலத்தில் வெதுவெதுப்பான கடலாக இருந்ததைக் காட்டுகின்றன. ஒரே துணைக்கண்டம் ஒரு காலத்தில் பனியையும் மற்றொரு காலத்தில் பவழத்தையும் கண்டிருக்கிறது.

மூழ்கிய கண்டம் என்னும் விளக்கம்

தால்சேர்ப் படுகையை ஒத்த கற்படுகை தென்னாப்பிரிக்காவிலும் உண்டு. இந்திய நிலக்கரி அடுக்குகளில் மிகுந்து காணப்படும் குளோசாப்டெரிஸ் என்னும் தாவரத்தின் இலைப்படிவங்கள் அங்கும் கிடைத்தன. இவ்வொற்றுமைகளைத் தொகுத்து ஹென்றி பிளான்ஃபோர்டு 1875-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தியாவையும் தென்னாப்பிரிக்காவையும் இணைத்த பெருநிலம் ஒன்று முன்பு இருந்து, பின்னர் இந்தியப் பெருங்கடலில் மூழ்கியது என்பது அதன் முடிபு. விலங்கியலாளர் பிலிப் ஸ்கிலேட்டர் 1864-இல் இலெமூரியா எனப் பெயரிட்ட நிலப்பரப்புடன் இக்கருத்து எளிதில் இணைந்தது.

கண்டங்கள் இடம்பெயரா என்று கருதிய அக்காலத்தில் இதைவிடச் சிறந்த விளக்கம் இல்லை. ஆல்ஃபிரட் வெகனர் 1912-இல் கண்டப்பெயர்ச்சிக் கொள்கையை முன்வைத்தபோது, இதே பனிப்படுகைகளைத் தம் சான்றுகளுள் முதன்மையானவையாகக் கொண்டார். தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா ஆகியவற்றைத் தென்முனையைச் சூழ ஒன்றுசேர்த்தால், சிதறிக் கிடக்கும் பனித்தடங்கள் ஒரே பனிவெளியாக அமைகின்றன. 1960-களில் புவித்தட்டுக் கொள்கை நிலைபெற்றபின், மூழ்கிய கண்டத்திற்குத் தேவையே இல்லாமற் போயிற்று. இந்தியப் பெருங்கடலின் தளம் பெரும்பாலும் கண்டங்கள் பிரிந்த பின்னர்த் தோன்றிய எரிமலைப் பாறையாலானது. சீசெல்சு போன்ற சிறு கண்டத்துண்டுகள் எஞ்சியுள்ளனவேயன்றி, மூழ்கிய பெருங்கண்டம் எதுவும் அங்கில்லை.

ஆகவே, பிளான்ஃபோர்டின் சான்றுகள் நிலைத்தன. அவற்றுக்கு அவர் தந்த விளக்கம் வீழ்ந்தது.

தமிழ்ச் சூழலில் இதன் பொருள்

கைவிடப்பட்ட அவ்விளக்கமே தமிழுலகில் நீண்ட வாழ்வு பெற்றது. சிலப்பதிகாரமும் இறையனார் களவியல் உரையும் குறிப்பிடும் கடல்கோள் செய்திகள், இருபதாம் நூற்றாண்டில் இலெமூரியாவோடு இணைக்கப்பட்டன. அறிவியலே குமரிக்கண்டத்தை ஏற்றுக்கொண்டது என்னும் எண்ணம் பரவியது. ஆனால், இந்நிலங்கள் ஒன்றாயிருந்து பிரிந்த காலம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தியது. மனித இனமோ சில இலட்சம் ஆண்டுகளே பழைமையுடையது. இவ்விடைவெளியை எந்த இலக்கியச் சான்றாலும் நிரப்ப இயலாது.

இதனால் கடல்கோள் மரபு முழுவதும் கற்பனை என்று முடிவுகட்டுவதும் பொருந்தாது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனியூழி உச்சமடைந்தபோது, கடல்மட்டம் இன்றுள்ளதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. மலாயாத் தீபகற்பம், சுமத்திரா, சாவா, போர்னியோ ஆகியன சுந்தாநிலம் என்னும் ஒரே பரப்பாக விளங்கின. பின்னர்க் கடல் உயர்ந்து கரையோர நிலங்களை விழுங்கியது. அந்நிகழ்வுக்கும் இலக்கிய மரபுக்கும் தொடர்புண்டா என்பது தனித்து ஆராயத்தக்க வினா. அதற்கு மூழ்கிய கண்டத்தின் துணை தேவையில்லை.

பனியூழியின் தடம் நம் அண்மையிலும் உள்ளது. லங்காவித் தீவின் சிங்கா பாறைத்தொகுதியில் நுண்மண் பாறைக்குள் கூழாங்கற்கள் புதைந்துள்ளன. மிதக்கும் பனிக்கட்டி உருகிக் கடலடியில் இட்டவை அவை என்பர். தால்சேர்ப் படுகைக்கு ஏறத்தாழச் சமகாலத்ததான இப்பாறை, தீபகற்பத்தின் மேற்குப் பகுதி கோண்டுவானாப் பெருநிலத்தின் விளிம்பிலிருந்து பிரிந்து வந்தது என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. மாணவர்க்குத் தொல்காலநிலையைக் கற்பிக்க விழையும் மலேசிய ஆசிரியர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை.

முடிவுரை

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்கும்போது மூலபாடத்தையும் உரையையும் வேறுபடுத்திக் காண்பது நமக்குப் பழகிய நெறி. உரை பிழைபட்டாலும் மூலம் அழிவதில்லை. பாறைச் சான்றுக்கும் அதற்குத் தரப்படும் விளக்கத்திற்கும் இந்நெறி பொருந்தும். நூற்றைம்பது ஆண்டுகட்கு முந்திய விளக்கத்தைச் சான்றாக மாணவரிடம் கொடுப்பது, தமிழின் தொன்மைக்கு வலுச்சேர்ப்பதாகாது; பின்னாளில் அவர்கள் உண்மை அறியும்போது, ஐயத்திற்கிடமற்ற சான்றுகளையும் சேர்த்தே ஐயுறுவர். தமிழின் தொன்மைக்குக் கல்வெட்டும் அகழாய்வும் இலக்கியமும் தரும் சான்றுகள் உறுதியானவை. அவற்றின் மதிப்பைக் காக்கும் பொறுப்பு ஆசிரியர்க்கு உண்டு.