சுக்கானைக் கழற்றி எறியுமுன்



2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, கொட்டிலுக்குள் கிடந்த பழைய மொரிஸ் மைனர்கள் பல மீண்டும் ரோட்டுக்கு வந்தன. அப்படியொன்று வாப்பாவிடமோ அப்பாவிடமோ இருந்து கைக்கு வந்த பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சேர், ஸ்டியரிங் முழுக்க வெடிச்சிட்டு. கழட்டிப் போட்டுட்டு புதுசு போடவா?" சரித்திரம் படிப்பிக்கிறவர்களிடம் மெக்கானிக் கேள்வி! ஆனாலும் இதற்குள் சரித்திரம் நிறைய இருக்கிறது.

முதலில் பெயர். ஸ்டியரிங்குக்கு நாம் தமிழில் சொல்லும் சுக்கான், அரபு 'ஸுக்கான்' என்பதிலிருந்து வந்தது. கப்பலைத் திருப்பும் பலகை. கப்பலோட்டும் மாலுமியும் அரபு 'முஅல்லிம்'தான், அதாவது நம் தொழில்காரர். கடலோடு வாழ்ந்த நம் முன்னோர் இரண்டு சொற்களையும் கரைக்குக் கொண்டு வந்தார்கள். காருக்கு இந்தப் பெயர் பொருந்துவது தற்செயலுமல்ல. ஆரம்பகால மோட்டார் வண்டிகளில் வளையமே இல்லை. தோணியில் இருப்பது போல ஒரு கைப்பிடித் தண்டுதான். 1894 இல் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த ஓட்டத்தில் அல்பிரட் வஷரோன் தன் பனார் காரில் வளையத்தைப் பூட்டி ஓட்டினார். 1898 இலிருந்து பனார் கம்பனி தன் எல்லாக் கார்களிலும் அதையே போட்டது. வேகம் கூடக் கூடத் தண்டு கையை உதறியது, வளையம் உதறவில்லை, காரணம் அவ்வளவுதான்.

தொடக்கத்தில் வளையம் மரம். பிறகு எஃகு வளையத்தின் மேல் அச்சில் வார்த்த கடின ரப்பர், பேக்கலைட், செலுலோஸ் பிளாஸ்டிக். கடின ரப்பர் என்பது ரப்பரோடு கந்தகத்தை மிக அதிகமாக, நிறையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குவரை, சேர்த்து வேகவைத்தது. இங்கே நம் நாடும் கதைக்குள் வருகிறது. 1876 இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து, சுமார் 1,900 நாற்றுகளை இலங்கைக்கு அனுப்பினார்கள். கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை நடப்பட்டன. ஆசியாவின் ரப்பர் தோட்டங்கள் பல அங்கிருந்து பரவின.

சரி, ஏன் வெடிக்கிறது? உள்ளே எஃகு, வெளியே ரப்பர் அல்லது பிளாஸ்டிக். வெயிலில் இரண்டும் ஒரே அளவுக்கு விரிவதில்லை. வருடக்கணக்கில் மேல்தோல் உலர்ந்து சுருங்கும்போது உள்ளே இருக்கும் எஃகு விட்டுக்கொடுக்காது; மேல்தோல்தான் கிழிய வேண்டும். அதனால்தான் வெடிப்பு பெரும்பாலும் கால்கள் வளையத்தோடு சேரும் இடத்தில் தொடங்குகிறது. கறுப்பு ரப்பர் பழுப்பும் பச்சையுமாக நிறம் மாறுவது வெயிலின் வேலை. மேல்பக்கம் இரு கைகளும் பிடிக்கும் இடங்களில் மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தால், அது ஐம்பது வருடக் கை வியர்வை.

மொரிஸ் மைனர் 1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். உற்பத்தி நிற்கும்போது 16 இலட்சத்துக்கு மேல் செய்திருந்தார்கள். இங்கே டொக்டர்மாரும் ஆசிரியர்மாரும் டக்ஸிக்காரர்களும் அதை வாங்கினார்கள். பின்னர் 1960களில் அந்நியச் செலாவணி இறுகியது. 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடு இன்னும் கடுமை. புதுக் கார் இல்லை, உதிரிப்பாகமும் இலகுவில் இல்லை. கராஜ் பாஸ்மார் கையால் செய்து, அரத்தால் ராவி, ஒட்டி, கார்களை உயிரோடு வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தின் கியூ வரிசைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்தக் கைவேலையைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இல்லை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையத்துக்கு, அதே காரின் உடற்பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு ஏற்றுமதியாகின. கார் வந்த நாட்டுக்கே பாகம் இங்கிருந்து போனது!

இனி அந்தக் கேள்வி. நம் கருத்து: எஃகு நல்லதாக இருந்தால் எறிய வேண்டாம். பட்டறி வயரைக் கழற்றுங்கள். வளையமும் தண்டும் இருந்த நிலையைக் கோடு போட்டு அடையாளம் செய்யுங்கள். நடு நட்டைத் தளர்த்தினாலும் இரண்டு மூன்று சுற்று மிச்சம் வையுங்கள். இல்லாவிட்டால் வளையம் திடீரென்று கழன்று முகத்தில் அடிக்கும். தண்டில் சுத்தியலால் அடிக்கவே கூடாது. சோப்புத் தண்ணீரால் எண்ணெய் போகக் கழுவி, வெடிப்பை முக்கோண அரத்தால் எஃகு தெரியும்வரை 'வி' வடிவில் அகலமாக்க வேண்டும். வெடிப்பைப் பெரிதாக்கப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ஆனால் மேலால் பூசிய பசை ஒரு வெயிலுக்கே பெயர்ந்துவிடும். துருவைச் சுரண்டி எடுத்து, இரண்டு பாகம் கலக்கும் எபொக்ஸியைக் கொஞ்சம் மேலெழும்ப நிரப்பி, ஒரு நாள் முழுக்க விட்டு, ராவி, அரத்தாள் பிடித்து, பிரைமரும் பெயின்டும் அடிக்கலாம். பழைய விரல் பள்ளங்களை ராவி அழித்துவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் கை வழுக்கும்.

எஃகுக் காலில் வெடிப்போ, நடுக் குடத்தின் பற்களில் தேய்வோ இருந்தால் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும். அப்போதும் பஞ்சிகாவத்தையில் தேடி, அதே மொடலின் பழைய வளையத்தையே போடுங்கள். பளபளக்கும் சின்ன ரேஸ் வளையம் இந்தக் காருக்குச் சரிவராது. பவர் ஸ்டியரிங் இல்லாத காரில் 16 அங்குல வளையத்தை 13 ஆக்கினால், அதே திருப்பலுக்குக் கை ஏறக்குறைய 23 வீதம் கூடுதல் பலம் கொடுக்க வேண்டும். சந்தைக்குள் பார்க் பண்ணும்போது தெரியும்.

இன்னொன்று. இந்தக் கார்களின் ஸ்டியரிங் தண்டு மடங்காது. முன்னால் மோதினால் நேரே நெஞ்சுக்கு வரும். மோதும்போது தண்டு பின்னால் தள்ளாதிருக்க வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவிலேயே 1968 இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் மெதுவாக ஓட்டுங்கள், சீட் பெல்ட் போடுங்கள்.

வெடித்த வளையம் திருத்தத் தெரிந்த வயதான பாஸ்மார் உங்கள் ஊரில் இருந்தால், அவரிடம் ஒரு மாணவனைக் கூட்டிக்கொண்டு போய் எழுதி எடுங்கள். காத்தான்குடியிலும் காலியிலும் இந்தப் பாகங்களுக்கு வேறு வேறு பெயர்கள் இருக்கும். அவற்றையும் சேர்த்து அனுப்பினால் இன்ஷா அல்லாஹ் அடுத்த பதிவில் போடுவோம்.