தமிழ்நாட்டில் நாய் இனப்பெருக்க விதிகளின் வரலாறு

விற்பனைக்காக நாய்களை இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என்பது இந்தியாவில் 2017 முதல் உள்ள விதியாகும். இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நாட்டினங்கள் தோன்றிய தமிழ்நாட்டில் நாய் வளர்ப்பு மிகப் பழையது. அதற்கான விதிகள் புதியவை.

பின்னணி

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. அடித்தல், பட்டினி போடுதல் போன்ற கொடுமைகளை அது தண்டித்தது. ஆனால் ஒரு பெண் நாயை எத்தனை முறை குட்டி ஈன வைக்கலாம் என்பதற்கு அதில் வரம்பு இல்லை. இங்கிலாந்தில் நாய் இனப்பெருக்கத்திற்கான உரிமச் சட்டம் 1973லேயே வந்துவிட்டது. இந்தியாவில் வணிக இனப்பெருக்கத்திற்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வது 2016 ஏப்ரலில் தடை செய்யப்பட்டது.

2017ஆம் ஆண்டு விதிகள்

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2017 மே மாதம் நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய விதிகள் வெளியாயின. இவற்றின்படி, 18 மாதம் நிறையாத பெண் நாயையும் 8 வயதைக் கடந்த பெண் நாயையும் இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்று, வாழ்நாளில் ஐந்து ஈற்றுகள் என்பதே உச்ச வரம்பு. 8 வாரம் ஆகாத குட்டிகளை விற்கக் கூடாது. பிறப்பு, இறப்பு, விற்பனை ஆகியவற்றுக்குப் பதிவேடு வைத்திருக்க வேண்டும்.

சேலம், நாமக்கல் சமவெளி

கோடையில் இப்பகுதியில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொடுவதுண்டு. நாய்கள் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்கின்றன. ஆகவே அடர்ந்த முடி கொண்ட குளிர்நாட்டு இனங்களுக்கும் மூக்குச் சப்பையான இனங்களுக்கும் இவ்வெயில் பெரும் துன்பம். தமிழ்நாடு அரசின் 2024ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கை சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, பக் முதலிய இனங்களை மாநிலத்தில் இனப்பெருக்கம் செய்வதைத் தடுக்க முற்பட்டது.

நாட்டினங்களுக்கும் சிக்கல் உண்டு. வெள்ளை இராசபாளையம் நாய்களிடையே காணப்படும் பிறவிச் செவிட்டுத்தன்மை, நிறமிக் குறைவோடு தொடர்புடையது. நெருங்கிய இரத்த உறவுக்குள் இணை சேர்ப்பதால் இத்தகைய குறைபாடுகள் பெருகும். எனவே பெற்றோர் நாய்கள் பற்றிய பதிவேடு அவற்றின் நலத்திற்கும் இனத்தின் எதிர்காலத்திற்கும் தேவையாகிறது. இப்பகுதியில் விலங்கு மருத்துவம் கற்பிக்கும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இல் தொடங்கப்பட்டது.

நடைமுறை

1960ஆம் ஆண்டுச் சட்டம் முதல் முறை கொடுமைக் குற்றத்திற்கு விதித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். ஒரு குட்டியே பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் தொழிலில் இத்தொகை யாரையும் தடுக்காது. பதிவை ரத்து செய்யும் அதிகாரமே வலுவானது. ஆனால் பதிவே செய்யாமல் வீட்டின் பின்புறம் குட்டி ஈன வைத்து விற்போரிடம் அது செல்லாது. குட்டியை வாங்குவோர் பெரும்பாலும் தாய் நாயைப் பார்ப்பதில்லை. பதிவுச் சான்றிதழையும் தாய் நாயையும் காட்டும்படி கேட்பதே, இவ்விதிகள் யாரைக் காக்க எழுந்தனவோ அந்தத் தாய் நாய்க்கு உதவும் எளிய வழி.