விருப்பம் தெரிவிக்கும் உரிமை: இங்கிலாந்தில் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை கடந்து வந்த பாதை

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்துவிட்டால், ஆரம்பப் பள்ளியின் இறுதி வகுப்பான ஆறாம் ஆண்டில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோருக்கு வேறு பேச்சே இருப்பதில்லை. அக்டோபர் 31ஆம் தேதிக்குள் உயர்நிலைப் பள்ளிக்கான விண்ணப்பத்தை உள்ளூர் கவுன்சிலுக்கு அனுப்பியாக வேண்டும். அந்நாட்களில் நம் ஜமாஅத்தில் மூத்தவர்கள் இளைய பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. "கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த பள்ளியை முதலிடத்தில் எழுதுங்கள். ஆசைப்பட்ட பள்ளியை முதலில் எழுதினால் அதுவும் கிடைக்காது, இதுவும் கிடைக்காது" என்பதே அது.

இவ்வறிவுரை ஒரு காலத்தில் முற்றிலும் சரியானதாக இருந்தது. இன்று அது பிழையானது; அதனைப் பின்பற்றுவோரின் பிள்ளைகளே அதனால் இழப்புக்குள்ளாகின்றனர். சரியாக இருந்த ஒன்று எவ்வாறு, எப்போது பிழையாயிற்று என்பதை அறிய, இந்நாட்டின் பள்ளிச் சேர்க்கை வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் அவசியமாகிறது.

உயர்நிலைக் கல்வி என்பது இந்நாட்டில் நெடுங்காலம் கட்டணம் செலுத்த வல்லோருக்கே உரியதாக இருந்தது. ஏழைப் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியோடு நின்றுவிட்டனர். 1907ஆம் ஆண்டு வெளியான விதிகளே முதற்கதவைத் திறந்தன. அரசு மானியம் பெறும் உயர்நிலைப் பள்ளிகள் தம் இடங்களில் நான்கில் ஒரு பங்கை ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்று அவை பணித்தன. அவ்விடங்களுக்கு நடத்தப்பட்ட தேர்வை மக்கள் 'ஸ்காலர்ஷிப்' என்றே அழைத்தனர். ஆயினும் தேர்வில் வென்ற பிள்ளைகள் பலர், சீருடை வாங்கவும் பிள்ளையின் வருமானமின்றிக் குடும்பம் நடத்தவும் வழியில்லாத காரணத்தால் அவ்விடங்களை ஏற்க முடியாமல் போயினர்.

1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இந்நிலையை மாற்றியது. அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கட்டணம் ஒழிந்தது. ஆனால் எப்பள்ளி என்பதைத் தீர்மானித்தது பெற்றோர் அல்லர். பதினோரு வயதில் எழுதப்படும் 'லெவன் பிளஸ்' தேர்வே தீர்மானித்தது. தேறியவர் கிராமர் பள்ளிக்கும், பெரும்பான்மையான ஏனையோர் செகண்டரி மாடர்ன் பள்ளிக்கும் சென்றனர். தொழில்நுட்பப் பள்ளிகள் என்ற மூன்றாம் வகை ஏட்டில் இருந்த அளவுக்கு நாட்டில் இல்லை. அதே சட்டத்தின் 76ஆம் பிரிவு, பிள்ளைகள் கூடியவரை பெற்றோரின் விருப்பத்திற்கிணங்கக் கல்வி பெற வேண்டும் என்றும் கூறியிருந்தது. அழகான வாசகந்தான். ஆனால் 1955இல் கெஸ்டிவன் கவுன்சிலுக்கு எதிராகத் தந்தை ஒருவர் தொடுத்த வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதன் பொருளைத் தெளிவாக்கியது. பெற்றோரின் விருப்பம் கருத்திற்கொள்ள வேண்டியவற்றுள் ஒன்றேயன்றி, அதுவே முடிவாகாது என்றது நீதிமன்றம்.

லெவன் பிளஸ் தேர்வில் இருந்த ஓர் அநீதியை இங்குக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. பல பகுதிகளில் ஆண் பிள்ளைகளுக்குக் கிராமர் பள்ளி இடங்கள் கூடுதலாகவும் பெண் பிள்ளைகளுக்குக் குறைவாகவும் இருந்தன. ஆகவே ஒரே மதிப்பெண் பெற்ற பையன் உள்ளே செல்ல, பெண் வெளியே நின்றாள். பர்மிங்ஹாம் நகரில் ஆண்களுக்கு ஏறத்தாழ 540 இடங்களும் பெண்களுக்கு ஏறத்தாழ 360 இடங்களுமே இருந்தன. இது பாலினப் பாகுபாடே என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது 1989ஆம் ஆண்டில்தான். ஒரு தலைமுறைப் பெண்கள் வளர்ந்து தாயாகிவிட்ட பின்னர் வந்த தீர்ப்பு அது.

1965இல் அந்தோணி கிராஸ்லாந்து கல்வி அமைச்சராக இருந்தபோது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் பயிலும் காம்ப்ரிஹென்சிவ் முறைக்கு மாறுமாறு கவுன்சில்களைக் கேட்டுக்கொள்ளும் சுற்றறிக்கை வெளியாயிற்று. பெரும்பாலான பகுதிகளில் லெவன் பிளஸ் மறைந்தது. அதே ஆண்டில் வெளியான மற்றொரு சுற்றறிக்கையைப் பற்றி நம் பிள்ளைகள் அறியமாட்டார்கள். எந்தப் பள்ளியிலும் குடியேறியோரின் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்ற கருத்தை அது முன்வைத்தது. இதன் விளைவாக சவுத்தால், பிராட்ஃபோர்ட் போன்ற இடங்களில் ஆசியப் பிள்ளைகள் காலையில் பேருந்தில் ஏற்றப்பட்டுத் தொலைவிலுள்ள பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். வெள்ளையர் பிள்ளைகள் எதிர்த்திசையில் ஏற்றப்படவில்லை. எங்கு அனுப்ப வேண்டும் என்று அப்பெற்றோரை எவரும் கேட்கவுமில்லை. 1980ஆம் ஆண்டு வாக்கிலேயே இப்பழக்கம் முற்றாக ஓய்ந்தது.

காம்ப்ரிஹென்சிவ் மாற்றத்தின்போது மகளிர் பள்ளிகள் பல, ஆண்கள் பள்ளிகளோடு இணைக்கப்பட்டு இருபாலர் பள்ளிகளாயின. 1970களில் பிராட்ஃபோர்டில் முஸ்லிம் தந்தையர் சிலர் தம் மகளை அத்தகைய பள்ளிக்கு அனுப்ப மறுத்ததும் அதனால் எழுந்த சர்ச்சையும் இப்பின்னணியில் நோக்கத்தக்கவை. அவர்களிடம் விண்ணப்பப் படிவம் இருந்தது. அதில் எழுதுவதற்குப் பள்ளிதான் குறைந்துகொண்டே வந்தது.

இன்றைய முறையின் அடித்தளம் 1980ஆம் ஆண்டின் கல்விச் சட்டம். பெற்றோர் தம் விருப்பத்தைத் தெரிவிக்கக் கவுன்சில் வழிசெய்ய வேண்டும், சட்டம் கூறும் சில விலக்குகள் தவிர அவ்விருப்பத்தை நிறைவேற்றவும் வேண்டும், மறுத்தால் மேன்முறையீட்டுக்கு இடமளிக்க வேண்டும் என்பன அதன் சாரம். 'தேர்ந்தெடுக்கும் உரிமை' என்று செய்தித்தாள்கள் எழுதின; அரசியல்வாதிகளும் பேசினர். சட்டத்தில் இருந்த சொல்லோ 'விருப்பம்' என்பதே. இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவை, மார்ச் முதல் தேதியில் ஏமாற்றமடையும் ஒவ்வொரு குடும்பமும் அளந்து பார்க்கிறது. 1988ஆம் ஆண்டின் சட்டம், பள்ளியில் இடமிருக்கும்வரை பிள்ளைகளைச் சேர்த்தே தீர வேண்டும் என்று மேலும் ஓரடி முன்வைத்தது.

1989இல் வந்த கிரீனிச் தீர்ப்பு நம்மைப் போன்று லண்டனில் வாழ்வோருக்கு மிக முக்கியமானது. தன் எல்லைக்குள் வசிப்போருக்கே தன் பள்ளிகளில் முன்னுரிமை என்று கிரீனிச் கவுன்சில் வகுத்த விதியை நீதிமன்றம் செல்லாததாக்கிற்று. எல்லைக்கு அப்பால் லூயிஷம் பகுதியில் வசிக்கும் பிள்ளைகளும் சமமாகவே கருதப்பட வேண்டும் என்றாயிற்று. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதன் பின்னர் பெற்றோர் நான்கைந்து கவுன்சில்களுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்கலாயினர். ஒரு பிள்ளையின் கையில் மூன்று பள்ளிகளின் அழைப்புக் கடிதங்கள் இருக்க, மற்றொரு பிள்ளை கோடைக்காலம்வரை ஒரு கடிதமும் இன்றிக் காத்திருந்தது.

இக்குழப்பத்தின் நடுவே பல பகுதிகளில் நிலவிய விதியே நம் மூத்தவர்களின் அறிவுரைக்குத் தாய். ஒரு பள்ளியில் இடங்களைவிட விண்ணப்பங்கள் கூடுதலாக இருந்தால், அப்பள்ளியை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் இடம் வழங்கப்பட்டது. ஒரு தாய் தொலைவிலுள்ள மகளிர் பள்ளியை முதலிலும், வீட்டருகே உள்ள பள்ளியை இரண்டாவதாகவும் எழுதினார் என்று கொள்வோம். மகளிர் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. வீட்டருகே உள்ள பள்ளிக்கு அவர் விண்ணப்பம் வந்து சேருவதற்குள், அதனை முதலில் எழுதியவர்களைக் கொண்டு அது நிரம்பிவிட்டது. அவரைவிடத் தொலைவில் வசித்தவர்களும் உள்ளே சென்றனர். இத்தகைய முறையில் ஆசையை மறைத்துச் சூதாட்டக்காரரைப் போல் எழுதியவரே பிழைத்தார். மூத்தவர்கள் பட்டறிந்தே சொன்னார்கள்.

2002ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஒவ்வொரு பகுதியிலும் சேர்க்கையை ஒருங்கிணைத்து நடத்தும் திட்டம் வேண்டும் என்றது. லண்டன் முழுமைக்குமான பொதுத்திட்டம் 2005ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு விண்ணப்பம், ஓர் அழைப்பு. பல கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு காலந்தாழ்த்தும் வழக்கம் ஒழிந்தது. அடுத்து, 2007ஆம் ஆண்டின் சேர்க்கை நெறிமுறை, முதல் விருப்பத்திற்கு முன்னுரிமை அளிக்கும் விதியைத் தடை செய்தது. 2008 செப்டம்பர்ச் சேர்க்கை முதல் எல்லா விருப்பங்களும் சமமாகவே நோக்கப்படுகின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் வந்த விண்ணப்பங்கள் அப்பள்ளியின் விதிகளின்படி மட்டும் வரிசைப்படுத்தப்படுகின்றன. அப்பள்ளியை ஒருவர் முதலில் எழுதினாரா ஆறாவதாக எழுதினாரா என்பது அங்குக் கணக்கில் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் இடம் உண்டெனில், அவற்றுள் பெற்றோர் மேலே எழுதியது எதுவோ அதனையே கவுன்சில் வழங்குகிறது. பெற்றோரின் வரிசை அந்த இறுதிக் கட்டத்தில் மட்டுமே பயன்படுகிறது.

மேற்சொன்ன தாய் இன்று அதே வரிசையில் எழுதினால், மகளிர் பள்ளி கிடைக்காவிடினும் வீட்டருகே உள்ள பள்ளியில் அவருடைய வாய்ப்பு அணுவளவும் குறையாது. மாறாக, பழைய அறிவுரைப்படி வீட்டருகே உள்ள பள்ளியை முதலில் எழுதினால், மகளிர் பள்ளியில் இடம் கிடைக்கவிருந்தாலும் அது அவருக்கு வராது. அவர் கேட்டதை அவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று கணினி அமைதியடைந்துவிடும். ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுதலாம். ஆனால் உறுதியாகக் கிடைக்கக்கூடிய பள்ளி ஒன்று பட்டியலில் எங்கேனும் இருந்தே ஆக வேண்டும். லண்டனில் ஆறு பள்ளிகள்வரை எழுதலாம். வேறு பகுதிகளிலும் குறைந்தது மூன்று எழுதலாம். ஒரே பள்ளியை மட்டும் எழுதினால் கவுன்சிலுக்கு வேறு வழியிருக்காது என்று சிலர் கருதுகின்றனர். வழியிருக்கிறது, எவரும் விரும்பாமல் இடம் மிஞ்சியுள்ள பள்ளியே அவ்வழி.

ஊரில் தலைமையாசிரியரை நேரில் கண்டு பேசியும், பெரிய மனிதரின் சிபாரிசுக் கடிதம் பெற்றும் பிள்ளையைச் சேர்த்த பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இங்கு 2006ஆம் ஆண்டின் சட்டம், விடுதிப் பள்ளிகளின் விடுதித் தகுதிக்காக அன்றி, பெற்றோரையோ பிள்ளையையோ நேர்முகம் காண்பதையே தடை செய்திருக்கிறது. நன்றாகப் பேசத் தெரிந்த பெற்றோருக்கு இருந்த மறைமுக ஆதாயம் அத்துடன் போயிற்று. ஆங்கிலம் தடுமாறும் நம் தாய்மார்களுக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது.

சமயப் பள்ளிகளைப் பற்றியும் கூற வேண்டும். கிழக்கு லண்டனில் பிஷப் சாலனர் என்னும் கத்தோலிக்கப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்ட இரு சிறுமியரின் வழக்கு 1992இல் பிரபுக்கள் சபைவரை சென்றது. ஒருவர் முஸ்லிம், மற்றவர் இந்து. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் கத்தோலிக்கருக்கும் பிற கிறிஸ்தவருக்கும் முன்னுரிமை தரப் பள்ளிக்கு உரிமை உண்டு என்பதே தீர்ப்பு. அக்காலத்தில் அரசு நிதி பெறும் முஸ்லிம் பள்ளி இந்நாட்டில் ஒன்றுகூட இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1998இல் லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் ஓர் ஆரம்பப் பள்ளிக்கு அத்தகுதி கிடைத்தது. 2001இல் பிராட்ஃபோர்டின் ஃபெவர்ஷாம் கல்லூரி அத்தகுதி பெற்ற முதல் முஸ்லிம் மகளிர் உயர்நிலைப் பள்ளியாயிற்று. 1970களில் தந்தையர் போராடிய அதே நகரம். சமய ஒழுகலை அளவுகோலாகக் கொள்ளலாம், ஆனால் பிறப்பு வழியைக் கொள்ளலாகாது என்பது 2009இல் யூதப் பள்ளியொன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லை. சமயப் பள்ளிகளுக்குக் கவுன்சில் விண்ணப்பத்துடன், பள்ளி கேட்கும் துணைப் படிவத்தையும் தனியே அனுப்ப வேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடக் கூடாது.

கிராமர் பள்ளிகள் இன்றும் இங்கிலாந்தில் 163 உள்ளன. அவற்றின் தேர்வு முடிவைக் கூடியவரை அக்டோபர் 31க்கு முன்னரே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நெறிமுறை. தேறினால் இடம் உறுதி என்பதன்று. தேறியவர் இடங்களைவிட மிகுதியாக இருக்கும் பள்ளிகளே பல.

மார்ச் முதல் தேதியில் விரும்பாத பள்ளி வந்தால், கோபத்தில் அதனை மறுத்துவிடுவோர் உண்டு. மறுப்பதால் வேறு பள்ளி நெருங்கி வருவதில்லை. வந்த இடத்தை ஏற்றுக்கொண்டே விரும்பிய பள்ளியின் காத்திருப்போர் பட்டியலில் இருக்கலாம், மேன்முறையீடும் செய்யலாம், ஏற்றுக்கொண்டதை எவரும் எதிராகக் கொள்ள முடியாது. காத்திருப்போர் பட்டியல் பதிவு செய்த தேதியின்படி அன்றி, பள்ளியின் விதிகளின்படியே அமைகிறது. புதிதாக ஒருவர் சேரும்போது நம் பெயர் கீழிறங்கவும் கூடும். மேன்முறையீட்டுக் குழு எவ்வாறு தீர்மானிக்க வேண்டும் என்பதை 1984இல் தெற்கு கிளாமர்கன் வழக்கு வகுத்தது. மேலும் ஒரு பிள்ளையைச் சேர்ப்பது பள்ளிக்கு இடையூறு என்பதைச் சேர்க்கை அதிகாரிகள் முதலில் நிறுவ வேண்டும். நிறுவிய பின்னர், அவ்விடையூற்றையும் அப்பிள்ளைக்கு அப்பள்ளி ஏன் தேவை என்பதையும் குழு தராசில் இட வேண்டும். ஆகவே மேன்முறையீட்டுக்குச் செல்லும் பெற்றோர், கிடைத்த பள்ளியின் குறைகளை அடுக்குவதைக் காட்டிலும், கேட்கும் பள்ளியில் தம் பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்பதற்கான மருத்துவர் கடிதம், ஆசிரியர் கடிதம் முதலிய சான்றுகளைக் கொண்டு செல்வதே பயன் தரும்.