பாரிசுக்கு எத்தனை மணி நேரம்?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பிரான்சில் சொந்தம் உள்ள வீடுகள் உண்டு. புதுச்சேரியின் தயவு. அவர்களுக்குத் தூரம் என்பது மணிக்கணக்குதான்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் பாரிஸ் என்றால் பெரும்பாலும் கப்பல்தான்: சூயஸ் கால்வாய், மர்சேய் துறைமுகம், பிறகு ரயில். வாரக்கணக்கில் ஆகும். 1967 போரில் மூடிய சூயஸ் 1975இல்தான் திறந்தது. ஏர் இந்தியா 1948 ஜூன் 8 அன்றே பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்துவிட்டது; ஆனால் அந்தக் கட்டணம் நம்மவர் கைக்கு எட்டாது. ஊரில் ஒரு சாவு என்றால் தந்தி போய்ச் சேரும். மகன் கப்பலில் வருவதற்குள் கருமாதி முடிந்துவிடும்.

இன்று சென்னை–பாரிஸ் வான்வழி சுமார் 8,000 கிலோமீட்டர். நிற்காமல் பறந்தால் பத்து மணி நேரம். குளிர்காலத்தில் அங்கே கடிகாரம் நாலரை மணி பின்தங்கியிருப்பதால், இரவு 1 மணிக்குக் கிளம்பியவர் காலை ஆறரைக்கே இறங்குகிறார். திரும்பும்போது அந்த லாபம் போய்விடும், அது வேறு கணக்கு. தகப்பனைக் குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்திருந்தால் மகன் கொள்ளி வைக்க வந்துவிடுகிறான்.

மீனம்பாக்கத்தில் இறங்கியபின் திண்டிவனத்துக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம். பொங்கல் நெரிசலில் மாட்டினால், செங்கல்பட்டு தாண்டுவதற்குள் வீட்டிலிருந்து நாலு போன் வந்துவிடும்.