கால் எட்டாத கிளட்ச்

வேடசந்தூர் பக்கம் என் சின்ன அத்தைக்கு இரண்டு ஏக்கருக்குப் பட்டா இருக்கிறது. அது வந்த கதை வேடிக்கையானது. 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில், பெண் விவசாயிக்கு 50 சதவீதம் வரை மானியம். சிறு, குறு விவசாயியாகவோ பட்டியலினத்தவராகவோ இல்லாத ஆணுக்கு 40. ஏழு ஏக்கர் வைத்திருந்த மாமா கணக்குப் போட்டார். இரண்டு ஏக்கர் அத்தை பெயருக்கு மாறியது. சின்ன டிராக்டரும் அவர் பெயரிலேயே வந்தது. சாவி மட்டும் மாமாவின் சட்டைப் பையில் இருந்தது.

மாமா இறந்த பிறகுதான் அத்தை அதில் ஏறி உட்கார்ந்தார். ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. உட்காரத்தான் முடியவில்லை. கிளட்சை முழுதாக அழுத்த வேண்டுமானால் இடுப்பை இருக்கையின் நுனிக்கு இழுக்க வேண்டும். முதுகுக்குப் பிடிப்பு போய்விடும். கலப்பையைத் தூக்கும் லீவரைப் பிடிக்க உடம்பை முறுக்க வேண்டும். ஒரு நாள் உழுதால் இரண்டு நாள் படுக்கை. "பொம்பளைக்கு இது ஆகுமா?" என்று ஊரே கேட்டது.

அந்தக் கேள்வி பழையது. பெண் ஏரைத் தொட்டால் மழை பொய்க்கும் என்று நம்பிய மண் இது. நாற்று நடலாம், களை பறிக்கலாம், அறுக்கலாம்; மேழி மட்டும் பிடிக்கக் கூடாது. ஏர் புகுந்த சமூகங்களில் வேளாண்மை ஆணின் கைக்குப் போனதை எஸ்தர் போசரப் 1970இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதினார். அதற்குச் சொல்லப்படும் காரணம் உடல் வலு. ஆனால் அந்தக் காரணம் 1930களிலேயே செத்துப்போயிற்று. அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் மூன்று புள்ளி இணைப்பையும் ஹைட்ராலிக் தூக்கியையும் சேர்த்து 1936இல் டிராக்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கலப்பையைத் தூக்க விரலால் ஒரு லீவரை அசைத்தால் போதும். அதற்கும் முன்பே, 1933இல், பாஷா ஆஞ்ஜலினா சோவியத் உக்ரைனில் பெண்கள் மட்டுமே கொண்ட டிராக்டர் குழுவை நடத்தினார். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனபோது பிரிட்டனின் வயல்களைப் பெண்கள் படை உழுதது. 1950இல் அந்தப் படை கலைக்கப்பட்டது. ஆள் இல்லாதபோது மட்டும் பெண்ணுக்கு வலு வந்துவிடுகிறது!

வலு தேவையில்லை என்றான பிறகும் அளவு மிஞ்சியது. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் இந்திய விவசாயத் தொழிலாளர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து 2009இல் வெளியிட்டது. ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 163 செ.மீ., பெண்களுடையது 151. அந்தப் 12 செ.மீ.தான் அத்தையின் முதுகுவலி.

பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல்லில் இரும்பு வேலைக்கு ஆளா பஞ்சம்? ஒரு பட்டறைக்கு வண்டியை ஓட்டிப் போனோம். இருக்கைத் தண்டவாளத்தில் புதுத் துளை போட்டு மூன்று விரல் முன்னால் நகர்த்தினார்கள். இன்னும் நகர்த்தினால் ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கும். ஆகவே மீதி தூரத்துக்குக் கிளட்ச் மிதியின் மேல் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள்; பிரேக் மிதிகள் இரண்டுக்கும் அதே உயரம். முதலில் வைத்த தகடு மழமழவென்று இருந்ததால் கால் வழுக்கியது. பிறகு பழைய டயர் ரப்பரை வெட்டி ஒட்டினார்கள். ஏறுவதற்குக் கூடுதலாக ஒரு படி. லீவருக்கு ஒரு சாண் நீளத்தில் குழாய்.

செலவே இல்லாமல் தீர்ந்த விஷயம் ஒன்றும் உண்டு. இருக்கையின் அடியில் எடைக்கேற்ப ஸ்பிரிங்கைத் திருப்பும் குமிழ் இருந்தது. அது மாமாவின் கனத்த உடம்புக்கு வைத்தபடியே கிடந்தது. 48 கிலோ அத்தைக்கு அந்த ஸ்பிரிங் அமுங்கவே இல்லை. குலுக்கல் எல்லாம் நேராகத் தண்டுவடத்தில் இறங்கியிருக்கிறது. பட்டறைப் பையன் குமிழைத் திருகியதும் பாதி வலி போயிற்று. இப்படி ஒன்று இருப்பதை அத்தைக்கு யாரும் சொன்னதில்லை.

பின்பக்கம் சுழலும் பி.டி.ஓ. தண்டின் மூடியை மாமா எப்போதோ கழற்றிப் போட்டிருந்தார். நிமிடத்துக்கு 540 சுற்று. முந்தானை நுனி சிக்கினால் போதும். அத்தை அதைத் தேடிப்பிடித்து மாட்டவைத்தார். சேலைக்கு மேல் மாமாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறார்.

போன ஆவணியில் மூத்த மருமகன் வந்திருந்தார். ஒரு சால் ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறியவர், முழங்கால் இடிக்கிறது என்று முனகினார். வரப்பில் நின்ற அத்தை குரல் கொடுத்தார்:

"கீழ நாலு போல்ட்டு இருக்கு, மாப்பிள்ளை. கழட்டிப் பின்னால தள்ளிக்கங்க. எறங்கும்போது மறக்காம முன்னால வச்சுட்டு எறங்குங்க."