பிச்சாவரத்துக் காடு கற்பித்த பாடம்

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயர் உண்டென்பதை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். நந்தனார் காண ஏங்கியது தில்லையைத்தான் என்று நம் வீடுகளில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர் என்றும், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்க வல்லது என்றும், அம்மரத்தைக் காண விரும்புவோர் நகரை விட்டுக் கிழக்கே பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டிற்குச் செல்ல வேண்டும் என்றும் சொன்னால் வியப்படைகின்றனர். பட்டப் படிப்பும் ஆசிரியப் பயிற்சியும் முடித்த பின்னரே நானும் இதனை அறிந்தேன். நம் பாடநூல்களில் காடு என்றால் யானையும் புலியுமே. உப்பு நீரில் நிற்கும் காட்டைப் பற்றி எனக்கு எவரும் கற்பித்ததில்லை.

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் கழிமுகங்களுக்கு இடையே, ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில், தீவுத் திட்டுகளும் வாய்க்கால்களுமாக விரிந்து கிடப்பது இக்காடு. சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை முதலிய மரங்கள் இதில் வளர்கின்றன. அலையை ஆற்றுவதால் அலையாத்திக் காடு என்றும் இதனைக் கூறுவர். அருகே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் நெடுங்காலமாக இயங்கி வருகிறது. அயல்நாட்டு ஆய்வாளர்களும் அங்கு வந்து பயிற்சி பெற்றுச் சென்றுள்ளனர். ஆனால் காட்டின் ஓரத்திலேயே பிறந்து, சேற்றிலேயே பிழைத்த எளிய மக்களை, கற்பதற்கோ கற்பிப்பதற்கோ உரியவராக எப்போது அழைத்தனர்? அந்த வரலாற்றையே ஈண்டுக் கூற விழைகின்றேன்.

இக்காட்டின் பல பகுதிகள் மரமின்றிப் பொட்டலாகிப் போயிருந்தன. காரணம் யாது என்று கேட்டால், விறகு வெட்டும் ஏழைகளும், அவர்தம் ஆடுமாடுகளுமே என்று விடை கூறுவது வழக்கமாயிருந்தது. பழி சுமத்துவதற்கு ஏழையைப் போல் எளிதில் அகப்படுபவர் வேறு யார்? 1988இல் தொடங்கப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இங்கு ஆய்வு மேற்கொண்டபோது வேறொன்று வெளிப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து, ஒவ்வொரு பகுதியையும் அடியோடு வெட்டி எடுக்கும் வழக்கம் இருந்தது. அஃது அரசே வகுத்த முறை. நிழலை இழந்த சேற்றுநிலம் வெயிலில் காய்ந்தது. ஈரம் வற்றியதும் மண் தணிந்து, நிலம் நடுவே தொட்டி போல் குழிந்தது. ஏற்றத்தில் உட்புகுந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கிற்று. தேங்கிய நீர் வெயிலில் சுண்டச் சுண்ட, மண்ணில் உப்பு மிகுந்தது. உப்பு நீரையே உண்டு வாழும் மரத்திற்கும் ஓர் அளவு உண்டல்லவா? அவ்வளவைக் கடந்த நிலத்தில் விதை விழுந்தும் முளைக்கவில்லை. ஏழையின் வெட்டுக்கத்தி செய்ததைவிட, ஏட்டில் எழுதி வைத்த வெட்டு முறையே பெரும் அழிவைச் செய்தது என்பது தெளிவாயிற்று.

பின்னர் மேற்கொண்ட மருத்துவமும் எளிமையானதே. மீனின் நடுமுள்ளைப் போல் ஒரு பெருங்கால்வாயும், பக்க முட்களைப் போல் சாய்வாகச் சிறு கால்வாய்களும் வெட்டினர். நாள்தோறும் நீர் ஏறி இறங்கிற்று; உப்புக் கழுவுண்டது; கால்வாய்க் கரைகளில் வெண்கண்டலை நட்டனர். ஊரார், வனத்துறையினர், ஆய்வாளர் ஆகிய முத்தரப்பாரும் ஒருங்கமர்ந்து பேசித் திட்டமிட்டதே இதில் புதுமை. ஊர்தோறும் மன்றம் அமைத்து, குடும்பத்திற்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உறுப்பினராகலாம் என்று வகுத்தனர். கால்வாயில் படியும் வண்டலை அகற்றும் பொறுப்பிலும் ஊராருக்குப் பங்கு இருந்தது.

இங்கு இருளர் இன மக்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். கிள்ளையை அடுத்த எம்.ஜி.ஆர். நகர் போன்ற குடியிருப்புகளில் வாழும் இவர்கள், இடுப்பளவு நீரில் அமர்ந்து நகர்ந்தபடியே, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். பனையோலையால் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, அகப்பட்டதை அதனுள் இடுவர். வலையும் படகும் உடையோர் நடுவே, வெறுங்கையே இவர்களின் கருவி. பழங்குடி என்னும் சாதிச் சான்றிதழ் பெறுவதற்கே நெடுநாள் அலைந்தவர்கள் இவர்கள். சான்றிதழுக்காக அலுவலக வாசலில் நிற்பது இன்னதென்று நம் சமுதாயத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. காடு காக்கும் பணியில் இவர்களையும் சேர்த்துக்கொண்ட பின்னர், வலையும் படகும் கையாளும் பயிற்சி இவர்களுக்குக் கிட்டியது. எந்தச் சேற்றில் கால் புதையும், எந்தத் துறையில் எப்போது நீர் ஏறும் என்பதை அறிந்திருந்த இவர்களிடம் கற்றுக்கொள்ளவும் நிரம்ப இருந்தது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் மாவட்டத்தைத் தாக்கியதை இளைஞர் பலர் கேள்வியால் மட்டுமே அறிவர். நாங்கள் கண்ணால் கண்டோம். மறு ஆண்டு ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று இப்பகுதியின் ஐந்து ஊர்களைக் குறித்தது. கடலோரத்து ஊர்கள் இரண்டும் முற்றும் அழிந்தன. காட்டிற்குப் பின்னிருந்த மூன்றும் அழிவின்றித் தப்பின. கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமும் கூடக் காரணமாகலாம் என்று பிற அறிஞர் பின்னர் எழுதினர். மாணவரிடம் இரண்டையும் சொல்லிவிடுவதே முறை.

சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விப்பணி தொடங்கியபோது, மறுக்கப்பட்ட எழுத்தை நமக்குப் பெற்றுத் தந்தார். எழுத்தறிந்த தலைமுறை சேற்றையும் நீரையும் மறந்துவிடலாகாது என்ற எண்ணத்தில், முதுநகரிலிருந்து மாணவர் சிலரை ஒரு ஞாயிறன்று இரயிலில் கிள்ளைக்கு அழைத்துச் சென்றேன். அன்று கற்பித்தவன் நானல்லன். இருளர் மூதாட்டி ஒருவர். வெண்கண்டல் இலையொன்றைப் பறித்து, “நக்கிப் பாரு, கண்ணு” என்றார். இலை உப்புக் கரித்தது. மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது என்று நான் விளக்கும் முன்னரே, “மரத்துக்கு வேர்க்குது ஆயா” என்றான் ஒரு சிறுவன். அவர் சிரித்தார். சுரபுன்னை விதை தாய்மரத்திலேயே முளைவிட்டுத் தொங்குவதையும், வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல்களைப் போல் மேல்நோக்கி நிற்பதையும் காட்டினார். பிள்ளைகள் ஏட்டில் எழுதிக்கொண்டனர். தம் சொல்லை ஒருவர் எழுதி வைப்பதை அவர் அன்றுதான் முதன்முறையாகக் கண்டாராம்.

இயற்கையைக் கற்றல் என்பது அழகை வியப்பது மட்டுமன்று. நம் முதுநகரை அடுத்து, உப்பனாற்றங்கரையில் 1980களில் எழுந்த சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊரார், 2004இல் வேறொரு பயிற்சி பெற்றனர். வீசும் நாற்றத்தை நாளும் நேரமும் இட்டுக் குறித்து வைக்கவும், வாளி போன்ற எளிய கருவியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பவும் கற்றனர். காற்றில் நச்சு வேதிப்பொருள்கள் இருந்ததை ஆய்வகச் சோதனையும் காட்டியது. அதுவரை தலைவலி என்றும் கண்ணெரிச்சல் என்றும் வாயால் மட்டுமே முறையிட்டு வந்தவர்களின் கையில், அதன்பின் குறிப்பேடு இருந்தது.

கிள்ளையிலிருந்து மாலை இரயிலில் முதுநகர் திரும்பினோம். வழியில் உப்பனாற்றுக் கரையோரச் சேற்றில் வெண்கண்டல் செடிகள் சில நிற்பதை அந்தச் சிறுவனே கண்டுபிடித்தான். ஓடிச் சென்று ஓர் இலையைப் பறித்தவன், ஆற்று நீரைப் பார்த்தான். பின் என்னைப் பார்த்தான்.

“இதையும் நக்கிப் பார்க்கலாமா ஐயா?” என்றான்.

வேண்டாம் என்றேன்.